கடையத்தாவின் பெயர்

கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி 12

செல்ல மகள் சித்ரலேகாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. பாபநாசநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே அடைமழை பிடித்துவிட்டது, ஆற்றில் கலங்கல் தண்ணீர், மூன்று நாளாகப் படித்துறைப் பக்கம் போகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் முன்னைவிட நன்றாக இருக்கிறது. போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், உன் சந்தோஷக் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

பிறக்கப்போவது பெண் என்றும், என் பூட்டியின் பேரையே வைத்துக் காந்திமதி என்று கூப்பிடப் போவதாகவும் சொன்னாயே, அந்தப் பேரை வைத்துவிடாதே அம்மா. அது அவள் பேர் இல்லை. அன்றைக்கு வீடியோவில் உன் மாமியார், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் அமெரிக்காவில், அயோவா பக்கம் மாடும் சோளமுமாகப் பாடுபட்ட அவர்கள் வீட்டுப் பாட்டி மெகிட்டபெல்லைப் பற்றிச் சொன்னார். கல்லறையில் இன்னார் மனைவி என்று மட்டும் இருந்ததாம், நீயும் அவருமாக இரண்டு வருஷம் சர்ச் ஏடுகளில் தேடிப் பேரைக் கண்டுபிடித்தீர்களாம். என் வாயில் நுழையாத அந்தப் பேரைச் சொல்லும்போது அந்த அம்மாள் கண் கலங்கியது. உடனே நீ, நம் பக்கம் அந்தக் காலத்துப் பாட்டி பேர் என்னப்பா என்று கேட்டாய். சம்பந்தி முன்னால் தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை, காந்திமதி என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் தயாராக இருந்ததற்கும் காரணம் உண்டு. உன் தாத்தா காலமானபின் முதல் ஆடி அமாவாசைத் தர்ப்பணத்தில் ஐயர் பூட்டி பேரைக் கேட்டார், நான் முழித்தேன், “தெரியலைன்னா அம்பாள் பேரைச் சொல்லுங்கோ, தோஷமில்லை” என்றார். முப்பத்தெட்டு வருஷமாக, காந்திமதி என்ற அந்த அம்பாள் பேருக்குத்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன்.

நம் வீட்டில் பூட்டியைக் கடையத்தா என்றே சொல்வார்கள், கடையத்திலிருந்து வாழ வந்தவள். முப்பது வயதில் தாலியறுத்து, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரப்பில் நின்று நடவு பார்த்தவள். கதையெல்லாம் தெரியும், பேர் தெரியாது. தெரிந்திருந்தவள் விக்கிரமசிங்கபுரத்தில் இருந்த என் அத்தை. அவள் வாசலைத் தாண்டித்தான் முப்பது வருஷம் மில் வேலைக்குச் சைக்கிள் மிதித்தேன், ஒரு நாள் இறங்கிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அவளும் போய்விட்டாள். மனசு ஆறாமல் போன வாரம் கடையத்துக்கே பஸ் ஏறினேன். கடையத்தாவின் தம்பி பேரன் சங்கரசுப்பிரமணியன் இருக்கிறார், எண்பது வயது, ஞாபகம் தெளிவு. விஷயத்தைச் சொன்னதும், “அவுகளத் தெரியாம என்ன, எங்க வீட்டுல கல்லிடைக்குறிச்சி அத்தைன்னுதான சொல்லுவாக” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பிறந்த வீட்டில் புகுந்த ஊர், புகுந்த வீட்டில் பிறந்த ஊர். வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன் அம்மா. உன் அம்மாவிடம் சொன்னால், “ஒரு பொம்பள பேரு தெரியல, அமாவாசை தவறாம மட்டும் போயிட்டு வாரீக. என் பேரையாவது எங்கயாச்சும் எழுதி வையுங்க” என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தைக்கு உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்த பேரை வை. நீ போடும் வம்சப் படத்தில் கடையத்தாவின் கட்டத்தை வெறுமையாக விடு. மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடு, என் மானத்துக்காக மறைக்காதே. அம்மா கட்டத்தில் சண்முகசுந்தரி என்று முழுசாக எழுது. இரும்பு மாத்திரையை விடாதே, பனியில் பைய நட. தாயும் சேயும் இரண்டு உயிராகப் பிரிந்து நூறு வயசு நன்றாக இருங்கள். தெருவில் எல்லாரும் உன்னை “அமெரிக்காக்காரி எப்படி இருக்கா?” என்றுதான் விசாரிக்கிறார்கள், நானும் அமெரிக்காக்காரி சுகம் என்றே இத்தனை நாள் சொல்லி வந்தேன். நேற்று மாவு மில்லில் கேட்டவரிடம், சித்ரலேகா நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

உன் அப்பா,
சிவசைலம்