கண்டக்டர் வீட்டுக்குப் போன நானூறு நாற்காலி

அன்பு மகள் ஆதிராவுக்கு, உதியன்குளங்கரையிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, என் முட்டுவலியும் அவருடைய பிடிவாதமும் பழையபடியே உண்டு, அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை காலையில் நம் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே பாதியில் நின்றுவிட்டது, அதனால் ஞாயிற்றுக்கிழமை திருப்புறத்தில் உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனுடைய வீட்டு முற்றத்தில் நாம் சாவுக்கு நாற்காலி போட்டுவிட்டோம். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பாய், மீதிப் பாதியை உன் அப்பா பக்கத்தில் நின்று தனக்குத் தோதாகத் திருத்துவார், அதனால் முழுவதையும் எழுதி நேந்திரங்காய் உப்பேரிப் பார்சலுக்குள் வைக்கிறேன். ஓணம் கழிந்துதான் கிடைக்கும், உப்பேரி நமுத்துப்போயிருந்தால் வெயிலில் வை, அங்கே வெயில் இருந்தால்.

ஐம்பது நாற்காலியும் பாயசம் வைக்கிற ஒரு வார்ப்பும் வைத்து நான் இந்த வாடகைக் கடையைத் தொடங்கியபோது நீ ஒன்றாம் கிளாஸ். அன்றிலிருந்து இன்றுவரை நம்மிடம் சொல்லிவைத்த ஒரு கல்யாண வீட்டிலும் ஆட்கள் நின்றுகொண்டு இருந்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை, நம் முதல் என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பேர்தான். நீ பாலிடெக்னிக் படிக்கும்போது இந்தக் கம்ப்யூட்டரில் புக்கிங் பட்டியல் ஒன்று எழுதித் தந்தாய் அல்லவா, அதன் பிறகு நான் நோட்டில் எழுதுவதை விட்டேன், உன் அப்பா எதையும் ஞாபகம் வைப்பதையே விட்டார். கேட்டால், எழுதிப் போட்டாச்சுல்லா, பின்ன எதுக்குடி ஓர்மை என்பார். அப்படி ஓணத்தையொட்டி வரும் கல்யாணங்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருக்க, வியாழக்கிழமை அது கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்தைக் காட்டிவிட்டு அசையாமல் நின்றது. அணைத்துப் போட்டேன், ஏழு தடவை, அதே நாலு வரி. உனக்குப் போன் அடித்தேன், நீ டியூட்டியில் இருந்தாய், பிற்பாடு ஒட்டியிருக்கும் வயரை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள் என்று மெசேஜ் போட்டாய். நல்ல யோசனைதான், ஏற்றத்தில் வண்டி முக்கினால் நாமும் லோடை இறக்கித்தானே பார்ப்போம். பிரிண்டரை எடுத்தேன், ஸ்பீக்கரை எடுத்தேன், மௌஸை எடுத்தேன், உன் கல்யாண வீடியோ கிடந்த பென்டிரைவைக்கூட எடுத்தேன், அது அப்படியே நின்றது. பார்ட்டிக்காரர்களிடம் போன் போட்டு நீங்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்க முடியுமா சொல், கேட்டால் அடுத்த நிமிஷம் பாறசாலையில் வேறு கடை தேடுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷனில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் ஸ்ரீகுமாரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு நாக்கு நீளம், ஆனால் கை சுத்தம். பெட்டியைத் திறந்தாள், உள்ளே பல்லிமுட்டை ஓடு ஐந்தாறு, நம் கடை நாற்காலியில்கூட இல்லாத அழுக்கு. வெள்ளை எழுத்தை வாசித்துவிட்டு, சேச்சி இது ஒண்ணும் சாகல்ல, உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு, அது தீந்துபோச்சு, அதனால தேதி மறந்துபோச்சு, எஃப் ஒண்ணு அமுக்கினா மேற்கொண்டு போறேன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு நாளா காத்துக் கெடக்கு, ஒரு விரலு வச்சா தீர்ந்துது என்றாள். விரல் வைக்கப்போனால் அந்த இடத்தில் கீ இல்லை, பல் விழுந்த மாதிரி ஓட்டை. நானும் அவளும் உன் அப்பாவைப் பார்த்தோம், அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். டைப் அடிக்கும்போது விரல் தவறி அதில் பட்டால் இங்கிலீஷில் ஏதோ உதவிப் பக்கம் திறந்து தொந்தரவு பண்ணுகிறது என்று ஆனி மாசமே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டாராம். அதைவிடக் கேள், வியாழக்கிழமை காலையிலேயே அந்த எழுத்தை வாசித்து எஃப் ஒண்ணு என்று மனசிலாக்கிவிட்டாராம், சொன்னால் நான் ஏசுவேன் என்று பேசாமல் என்னோடு சேர்ந்து பிரிண்டரைக் கழற்றியிருக்கிறார். ஸ்ரீகுமாரி, சோமண்ணா, நீங்க பெரிய ஆளாக்கும், கம்ப்யூட்டரு கேட்டதே ஒரு கீயி, அதையும் பறிச்சு வச்சிட்டு அதுக்கிட்டயே சாவுத் துட்டி கேக்கப் போயிருக்கீங்களே என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அப்போது.

அவள் புதுப் பேட்டரி போட்டு, தன் கடை கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டினாள். தேதி கேட்டாள், நான் சுவர்க் காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட் இருபத்தொன்பது என்றேன், போட்டாள். கம்ப்யூட்டர் தானாகவே வெள்ளிக்கிழமை என்று காட்டியது, காலண்டரிலும் வெள்ளி, பிறகு யாருக்குச் சந்தேகம் வரும். வருஷத்தை அவளும் கேட்கவில்லை நானும் சொல்லவில்லை. பேட்டரி போனால் இந்தப் பெட்டி தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விடுமாம், ஆக அது இருந்தது இரண்டாயிரத்துப் பதினாலில். அந்த வருஷமும் இந்த வருஷமும் தேதியும் கிழமையும் ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லாமல் ஒன்று என்று பிற்பாடு ஸ்ரீகுமாரிதான் கண்டுபிடித்தாள். உன் பட்டியல், கம்ப்யூட்டர் எந்த வருஷத்தில் நிற்கிறதோ அந்த வருஷத்துப் புக்கிங்கைத்தான் எடுத்துக் காட்டும், திரையில் தேதி உண்டு, மாசம் உண்டு, வருஷம் போட இடம் இல்லை, அன்றைக்கு நீ திரை நெருக்கமாகிவிடும் அம்மா என்றாய். குற்றத்தில் உனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குள்ள பங்கையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் ஞாயிறு மதியம், திருப்புறம், அம்மிணி, நாற்காலி நானூறு, பந்தலுக்கு நீல ஷீட் இரண்டு என்று வந்தது. உன் அப்பாவிடம் இது நீங்கள் எடுத்ததா என்றேன், எழுதியிருக்குன்னா எடுத்திருப்பேன் என்றார். அதில் இருந்த நம்பருக்கு அடித்தேன், அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. இரண்டு மூன்று நாளில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் போன் இல்லாமல் இருக்குமா, இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியவளுக்கு அங்கேயே உறைக்க வேண்டும், ஓண அவசரத்தில் உறைக்கவில்லை.

ஞாயிறு காலையில் நான் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் எண்ணி வாங்கப் போய்விட்டேன். உன் அப்பா மதியம் இரண்டு சுமட்டுக்காரரோடு பிக்கப்பில் திருப்புறம் போனார், வழியெல்லாம் நல்ல ஓர்மை உண்டு என்று பெருமை வேறு, ஓர்மை இருக்காதா, பதினொரு வருஷம் முன்னால் அம்மிணியின் மகள் லேகா கல்யாணத்துக்கு அதே வழியாகத்தானே போனார். வீட்டில் சத்தம் இல்லை. அம்மிணி நெய்யாற்றின்கரையில் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், அவள் மாமனார் சதாசிவன், பழைய பஸ் கண்டக்டர், எண்பத்தாறு வயது, உள்ளே உச்சைச் சோறு தின்றுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் நகை எடுக்கப் போயிருப்பார்கள், பாவம், ஆள் இல்லாத வீடு என்று உன் அப்பாவுக்கு இரக்கம் வந்து, வழக்கமாக அடுக்கிவைத்துவிட்டு வருகிறவர் அன்றைக்குப் பார்த்து ஷீட்டும் கட்டி, நானூறையும் வரிசை வரிசையாக விரித்தும் போட்டுவிட்டு வந்தார். முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லாமல் வயசாளி இருக்கிற வீட்டில் திடீரென்று ஷீட்டும் நாற்காலியும் வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா. அரை மணிக்கூரில் ஐம்பது பேர் வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், ரெசிடென்ஸ் அசோசியேஷன்காரர்கள் மலர்வளைய ரீத்தோடு வந்தார்கள்.

முணுமுணுப்புச் சத்தத்தில் கண்டக்டர் எழுந்து பின்வாசல் வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டார்கள், இடம் போதாமல் நம் முற்றத்தில் இருக்கிறார்கள் போல என்று நினைத்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் மெதுவாக உட்கார்ந்து, ஆராக்கும் மக்கா போனது என்று கேட்டாராம். முன்னால் இருந்த ஆள் திரும்பாமலே, நம்ம கண்டக்டராக்கும் என்றானாம். இவர் பழகிய ஆசாமி அல்லவா, எறங்கணும்னு மணியடிக்காமலே எறங்கிட்டாரா, ஆளு எப்படி என்று கேட்டாராம். ஆளு தங்கமாக்கும், ஆனா பாக்கிச் சில்லறை மட்டும் தரமாட்டாரு என்று அவன் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு நாலைந்து நாற்காலி கவிழ்ந்தது, ஒன்றின் கால் ஒடிந்தது, அந்த ஒன்று நம் நஷ்டம்.

இது ஒன்றும் தெரியாமல் நான் மூன்று மணிக்குக் கடைக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பூவாறிலிருந்து நார்பர்ட் என்று ஒரு ஆள் போன். சேச்சீ, நாளைக்கு நம்ம மினிமோளுக்குக் கெட்டு, இன்னைக்கு ஆறு மணிக்கே ஆளுவ வரும், கசேரயும் வரல்ல வண்டியும் வரல்ல என்கிறான். எனக்கு அப்படி ஒரு நார்பர்ட்டையே தெரியாது, ஆனாலும் வண்டி கிளம்பியாச்சு தம்பி என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன் அப்பா பக்கத்தில் இருந்து, நார்பர்ட்டா, கடலுக்குப் போற நார்பர்ட்டு, நானூறு கசேர, நானாக்கும் எழுதிப் போட்டேன், சுத்தமா ஓர்மை உண்டு என்கிறார். அப்படியானால் திருப்புறத்துக்குக் கொண்டுபோனது என்ன என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் அம்மிணி கூப்பிட்டாள், என் நம்பர் அவளிடம் பத்திரமாக இருந்தது, அழுகையும் ஏச்சும் பாதிப் பாதி. மீதி நாற்காலி எல்லாம் இரண்டு கிளப்புக்கு ஓணக் கொண்டாட்டத்துக்கு முன்னமே போயிருந்தது. மினியின் கல்யாணம் உட்கார வேண்டிய நாற்காலி அந்த முற்றத்தில் கிடக்கிற நானூறுதான்.

திருப்புறத்திலிருந்து பூவாறு பத்து நிமிஷம், அது ஒன்றுதான் கடவுள் காட்டிய கருணை. நாங்கள் போய் இறங்கும்போது கண்டக்டர் முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார், மடியில் ரீத்து, அதற்கு எவ்வளவு ஆயிற்று, யார் யார் எவ்வளவு போட்டீர்கள் என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. நான் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு, நாற்காலியை ஏற்றிக்கொள்ளட்டுமா என்றேன். அவர், எனக்குன்னு போட்ட கசேர, நான் ரைட் சொல்லாம வண்டி நவராது என்றார். சுற்றி நின்றவர்கள், அப்பூப்பன் சொல்லுவது நியாயம் என்றார்கள், ஒருவராவது எழுந்தால்தானே. மணி நாலே கால். நார்பர்ட் இரண்டாவது தடவை அடித்தான், சேச்சீ, பாதிரியார் இப்பமே வந்தாச்சு, அவர நிக்கவச்சிருக்கு என்றான். ஆதிரா மக்களே, எத்தனையோ முதலாளிகளிடம் பேரம் பேசியிருக்கிறேன், யாரிடமும் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. அங்கே ஒரு பெண்பிள்ளையின் கல்யாண முற்றம் வெறும் மணலாகக் கிடக்கிறது, இங்கே இவர் காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறார். என்ன வேணும் என்று நேராகவே கேட்டேன். எப்படியும் ஒரு நாள் இது எல்லாம் எனக்கு வேணும்லா, அன்னைக்கு ஓசியாட்டு கொண்டு போடு, எழுதித் தா, இப்பம் எடுத்துக்கோ என்றார். ஓசி என்றால் கால் ஆடுகிற நாற்காலிதான் வரும் அப்பூப்பா, நல்ல சாமான் வேண்டுமென்றால் விலை பேசுங்கள் என்றேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று, சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பில் பாதி ஜனம் எழுந்தது. அப்புறம் விலை முடிந்து அவர் ரைட் என்றதும் எழுந்தவர்களே ஆளுக்கு நாலாக எடுத்து வண்டியில் அடுக்கினார்கள், துட்டிக்கு வந்த ஆட்கள் என் ஆயுசில் இத்தனை உற்சாகமாக வேலை செய்து பார்த்ததில்லை. ஐந்தேகாலுக்கு பூவாறில் இறக்கினோம். ஏன் தாமதம் என்று நார்பர்ட் கேட்டான், கழுவிக் காயவைத்து ஏற்றினோம் என்றேன். திங்களாழ்ச்சை கல்யாணம் நன்றாக நடந்தது, யாரும் நிற்கவில்லை, எங்களுக்கும் சோறு போட்டார்கள், நெய்மீன் கறி.

ஸ்ரீகுமாரி வருஷத்தைத் திருத்திவிட்டாள், சிரித்த சிரிப்பில் கூலி வாங்க மறந்துவிட்டாள். உன் அப்பா மேஜை, அலமாரி, ஷீட்டு மடிப்பு எல்லாம் தேடி அந்த எஃப் ஒண்ணு கீயைக் கண்டுபிடிக்க முடியாமல், நேற்றுப் புதுக் கீபோர்டு வாங்கிவந்தார், ஸ்க்ரூடிரைவரை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். நீ பட்டியலில் வருஷம் போட இடம் பண்ணு, நான் மறுபடியும் நோட்டிலும் எழுதத் தொடங்கிவிட்டேன். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளை காருக்குக் குளிர்கால டயர் மாற்றச் சொல், இரண்டு பேரும் சண்டை போட்டாலும் ஒரே மேஜையில் இருந்து சாப்பிடுங்கள். பத்மநாபசாமி உங்களுக்கு நீண்ட ஆயுசும் நல்ல வேலையும் தரட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. கீழே எழுதுவதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும், தேதி போடாமல் அது ஏற்கமாட்டேன் என்கிறது, அதற்கு ஒரு வழி பண்ணு. திருப்புறம் சதாசிவன், நாற்காலி நானூறு, நீல ஷீட் இரண்டு, என்றைக்கு என்று தெரியாது. பதினாலாம் வருஷத்து ரேட்டு, நாற்காலி ஒன்றுக்கு நாலு ரூபாய், வண்டிக்கூலி நம்முடையது, அச்சாரம் நூறு வாங்கிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இந்த விலை இன்றிலிருந்து பத்து வருஷத்துக்கு. அதையும் தாண்டி அவர் இருந்தால் ஒரு பைசா வேண்டாம், நல்ல நாற்காலியே போடுகிறேன் என்று சொல்லிக் கைகொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா சத்தியபாய்