ஏழாவது மூச்சில் தங்கசாமி

அக்டோபர் 14, செவ்வாய்

காலை முதல் மழை. சுசீந்திரம் போகும் வழியில் ஒரு மாடி அறை. புத்த தியானம், மாலை ஐந்து மணி, இலவசம். இலவசம் என்றாலே யோசிக்க வேண்டும். எனக்கு ரத்த அழுத்தம் 170. இழுத்துப்போனது நாகராஜன். ஒரே கல்லூரி, ஒரே துறை, இருபது வருட சிநேகிதம்.

சொல்லித் தருபவர் ரோஸ்லின், ஓய்வுபெற்ற நர்ஸ். இமாச்சலத்தில் வேலை பார்த்தபோது பிக்குகளிடம் கற்றாராம். பெயர் ரோஸ்லின், பேச்சு புத்தர். யாரை எங்கே சேர்க்கப் பார்க்கிறார்?

பாடம்: நாசி நுனியில் மூச்சைக் கவனி. ஒன்று முதல் பத்து வரை எண்ணு. மனம் ஓடினால் திரும்ப ஒன்று.

இன்று எட்டியவை: 4, 6, 7, 7, 3.

அக். 15, புதன்

வாசலில் தங்கசாமி! எங்கள் துறைத் தலைவர். எனக்கு வரவேண்டிய நாற்காலி. பதினோரு வருடம் முன்பு என்னைப் பற்றி நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். நாற்காலி அவருக்கு. எழுதியது வேறு யார்? அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் சொன்னதில்லை.

"நீங்களும் உண்டா சார்? எனக்கும் பிரஷர்தான், பாத்துக்கிடுங்க."

பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேவு பார்க்க வந்திருக்கிறார்.

பக்கத்துப் பாயில் அவர். ஒற்றைக் கண் திறந்து பார்த்தேன். சிலை மாதிரி. நடிப்பு. எனக்கோ ஏழாவது மூச்சில் தவறாமல் அவர் முகம்.

பின்னாலிருந்து ரோஸ்லின்: "கண்ண மூடுங்க சார். அவரு எங்கயும் ஓடிற மாட்டாரு." எல்லோருக்கும் சிரிப்பு.

அக். 17, வெள்ளி

நேற்றுப் போகவில்லை. நாகராஜன் போனில்: "லேய், மூணாம் நாளே மட்டம் போட்டா எப்பிடி? அந்தக் கடுதாசிய இன்னும் மண்டைக்குள்ள வச்சிருக்கியா? விட்டுத் தள்ளு மக்கா."

வாங்க வேண்டியவை: மாத்திரை, தேங்காய் எண்ணெய், குடைக்கம்பி.

ரோஸ்லினிடம் கேட்டேன்: ஒரே ஆளின் முகம் வருகிறது, என்ன செய்ய?

"வாறவர விரட்டாண்டாம். உக்கார வைங்க. நீங்க மூச்சப் பாருங்க."

எட்டு வரை.

அக். 18, சனி

மழை இல்லை. பத்து வந்தது. இரண்டு முறை. தங்கசாமி வந்தார், உட்கார்ந்தார், போய்விட்டார். மடை அடைத்த வயல்போல் மனம். அதில் அந்தக் கடிதம் மட்டும், வரி வரியாக.

'மஞ்சள்காமாலை என்று லீவு போட்டு மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போனவர். தலைவலி தீர நேர்ந்த மண்டையப்பத்தை அம்மனுக்குப் படைக்கும் முன்பே இரண்டு தின்றவர். இவரா துறைத் தலைவர்?'

கொடையில் என்னை ஆயிரம் பேர் பார்த்திருக்கலாம். ஆனால் அப்பம் தின்றது கோயிலில் இல்லை. நாகராஜனுடைய அக்கா வீட்டு அடுக்களையில், அவித்து இறக்கிய சூட்டோடு. இறக்கி வைத்த கையோடு அக்கா கோயிலுக்கு முன்னே போயிருந்தார். பக்கத்தில் நின்றது அவன் ஒருவன்.

விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பிய நகலை நூறு தடவை படித்திருக்கிறேன். தங்கசாமி என்று முடிவு கட்டியபின் யார் ஒழுங்காகப் படிப்பார்கள்?

படியிறங்கும்போது நாகராஜன்: "பத்து எட்டிச்சா மக்கா?"

"எட்டிச்சு. மண்டைக்காட்டு அக்காவுக்குச் சுகந்தானே? அண்ணைக்கு அவிச்ச அப்பம் ஞாபகம் வந்துது."

"அதுக்கென்னலே இப்ப?"

வண்டிச் சாவி கீழே விழுந்தது. குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. "எனக்கு ஒரு ஜோலி கெடக்கு. நீ பஸ்ஸுல போயிரு."

நிறுத்தத்தில் தங்கசாமி, தனியாக. போய் நின்றேன். வணக்கம் என்றேன்.

யாருக்குச் சொன்னேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.