ஒன்பதில் ஒன்று

மில்வாக்கி,
12 பிப்ரவரி 1947

அன்பு மகன் போலெக்குக்கு,

இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ். ‘என்றென்றும், ஆமென்’ என்று நீ அங்கிருந்தே சொல்லிக்கொள். ஓஹையோவுக்குப் போனதும் அதையெல்லாம் மறந்துவிட்டாயோ என்னவோ.

இங்கே எல்லோரும் நலம். பனி முழங்கால் வரை கிடக்கிறது. நாளை, தவக்காலம் தொடங்கும் முன் வருகிற கொழுப்பு வியாழன் என்பதால் பொன்ச்கி பணியாரம் சுட மாவு பிசைந்து வைத்திருக்கிறேன். உன் தங்கை யாஜா உள்ளே வைக்கிற பிளம் ஜாமில் பாதியை இப்போதே நக்கித் தீர்த்துவிட்டாள். கேட்டால், “ருசி பாக்க வேணாமாம்மா?” என்கிறாள். அலுவலகத்தில் டைப் அடிக்கிற பெண், வயது இருபத்திரண்டு.

நீ சந்தா கட்டிய உங்கள் ஊர் பேப்பர் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் தவறாமல் வருகிறது. எனக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் தெரியாது, அது உனக்கே தெரியும். ஆனால் உங்கள் கூடைப்பந்து ஆட்டச் செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை போடுகிறார்களே, அதைப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம். முதலில் பெயர், அப்புறம் எத்தனை கூடை, எத்தனை ஃப்ரீ த்ரோ, எத்தனை ஃபவுல், கடைசியில் மொத்தம். நம் ஷ்செபானியாக் என்ற பெயருக்கு அந்தப் பத்தியில் இடம் போதவில்லையாம், முதல் எழுத்துக்குப் பின் ஒரு கொக்கி போட்டு வாலை மட்டும் ஒட்டியிருக்கிறான். உன் அப்பா இருந்திருந்தால் பேப்பர் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பார். எனக்கு அந்தக் கொக்கி பழகிவிட்டது. எத்தனை பெயருக்கு நடுவிலும் உன்னைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவேன்.

கறிக்கடை காபின்ஸ்கி செய்தியை எனக்குப் போலிஷில் வாசித்துச் சொல்கிறார். போன வாரம் ஒரே புகழ்ச்சி. “ரோசாலியாம்மா, ஒங்க பையன் சுயநலமே இல்லாதவன்னு எழுதியிருக்கான். தான் எறியாம மத்தவங்களுக்கே பந்தக் குடுக்குறானாம். ஊர்ல இப்பிடி எவன் இருக்கான், சொல்லுங்க?” என்று கேட்டுவிட்டு ஒரு துண்டு எலும்பைச் சும்மாவே போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. டிசம்பரில் உனக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் எட்டில் ஏழு, ஆறில் ஆறு, ஐந்தில் ஐந்து. ஜனவரி நடுவில் இரண்டு ஆட்டத்தில் உன் பெயர் இல்லை. ஜலதோஷம் என்று எழுதினாய், நானும் நம்பினேன். திரும்பி வந்த பிறகு ஆறில் இரண்டு, ஐந்தில் ஒன்று. போன சனிக்கிழமை ஒன்பதில் ஒன்று. ஒன்பதில் ஒன்று, போலெக்! கரிக்கொட்டகைச் சுவரில் பீப்பாய் வளையம் அடித்து நீ எறிந்துகொண்டிருப்பாய், நான் துணி துவைத்தபடி எண்ணுவேன். நாற்பது போட்டால் ஒன்று தவறும், அதற்கும் காற்றைத் திட்டுவாய்.

ஓடும்போது எறிவது தவறினால் எவனாவது தள்ளியிருப்பான் என்று சொல்லலாம். ஃப்ரீ த்ரோவில் அப்படி இல்லை. நீ கோட்டில் நிற்கிறாய், உன்னை மறிக்க ஆள் இல்லை, வளையம் எங்கும் ஓடப்போவதும் இல்லை. ஃபவுலும் பார்த்தேன். முன்பு ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இப்போது ஒவ்வொரு முறையும் ஐந்து, உடனே வெளியே. பக்கத்தில் வருகிறவன் உனக்குத் தெரியவில்லை, அவன்மேல் மோதுகிறாய்.

இதை யாஜாவிடம் சொன்னேன். “நீ என்னம்மா கோச்சா? ஃபார்ம் போயிருக்கும்” என்று சிரித்தாள். சரி, அண்ணன் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு டெலிபோன் போடு, கண்ணைப் பற்றி மூச்சுவிடாதே, அவன் காபி எப்படிக் குடிக்கிறான் என்று மட்டும் கேள் என்றேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள், ஆனாலும் கேட்டாள். அந்தம்மா சொன்னது: “தங்கமான பையன்மா. ஆனா கப்புல ஊத்துற காபிய மேச விரிப்புல ஊத்துறான். இந்த வாரம் மட்டும் மூணு தடவ விரிப்ப மாத்திட்டேன். காதல் கீதலா இருக்குமோ?”

யாஜா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. தெரிந்துதானே கேட்கச் சொன்னேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இரும்பு வார்ப்பாலையில் தீப்பொறி பட்டு உன் அப்பாவுக்கு முதலில் ஒரு கண்தான் போனது. அப்போது உனக்கு நான்கு வயது. அவரும் இப்படித்தான், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாமல், கோப்பைக்குப் பக்கத்தில் காபி ஊற்றினார். “வாய மூடிக்கிட்டு இரு ரோசா, மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வெளிய போடாம்பான்” என்றார். நானும் மூடிக்கொண்டேன். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவேன், கோப்பையை அவர் கையிலேயே கொடுப்பேன், அக்கம்பக்கத்தில் கேட்டால் களைப்பு என்பேன். இரண்டு வருடம். அப்புறம் மற்ற கண்ணும் மங்கியது. முதலிலேயே வந்திருந்தால் அதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அப்பாவின் கையைப் பிடித்து நீ கோயிலுக்குக் கூட்டிப்போன காலமெல்லாம் அதற்குப் பிறகுதான். நீ நினைப்பதுபோல் அது விதி இல்லை, மகனே. அதில் என் பங்கும் உண்டு.

மார்ச்சில் அடுத்த வருட ஒப்பந்தம் என்பது எனக்குத் தெரியும். கண் விஷயம் தெரிந்தால் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதுவும் தெரியும். இந்த ஆட்டத்தைத் தவிர உனக்கு வேறொன்றும் பிடிக்காது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். முழங்கை பட்டதா, கீழே விழுந்தாயா, எதுவானாலும் நாளையே கண் டாக்டரிடம் போ.

உங்கள் கோச்சுக்கும் ஒரு கடிதம் தயார். யாஜா இங்கிலீஷில் எழுதினாள், கீழே கையெழுத்து என்னுடையது. இன்னும் அனுப்பவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தின் பேப்பர் திங்கட்கிழமை வரும். அட்டவணையில் உன் பெயர் இருந்தால் அன்றே அது தபாலுக்குப் போகும். அதற்காக ஆயுளுக்கும் நீ என்னோடு பேசாமலிருந்தாலும் சரி.

கடவுள் உன் இரண்டு கண்ணையும் காக்கட்டும். இத்தனை நாளும் உன் பெயரைத் தேடித்தான் அந்தப் பேப்பரைப் பிரித்தேன். இந்தத் திங்கட்கிழமை அது அங்கே இருக்கக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
ரோசாலியா