அம்மாவின் விரலில் இருந்த பாஸ்வேர்ட்

அண்ணா,

இன்று காலை புதுப் பிரின்டரை மாட்டும்போது திரை திடீரென்று மங்கி, நடுவில் அந்தக் கட்டம் வந்து நின்றது. மேலே உன் பெயர். பக்கத்தில், மஞ்சள் தொப்பி போட்டு, கட்டார் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ எடுத்த படம். கீழே பாஸ்வேர்ட் எழுத ஒரு வெற்றிடம். இதைச் செய்ய உனக்கு அதிகாரம் இல்லை, இவரைக் கேள் என்று அதற்கு அர்த்தம். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. இந்த லெப்டொப்புக்கு மட்டும் இன்னும் நீதான் துரை.

‘வேண்டாம்’ என்று அழுத்தி மூடிவிட்டேன். பிரின்டர் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் உன் மூஞ்சியைப் பார்த்த பிறகு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லெப்டொப்பைத் தடித்த கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு நீ லீவில் வந்தபோது தோட்டத்து லயத்துச் சனமே நம் வாசலில் நின்றது. எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, முதல் கணக்கை உன் பெயரில் போட்டாய். அதுதான் அட்மினிஸ்ட்ரேட்டர். எதையும் பொருத்தலாம், எதையும் அழிக்கலாம். இரண்டாவதாக என் பெயரில் ஒரு சாதாரணக் கணக்கு. இருப்பதை நான் பாவிக்கலாம். புதிதாக ஒன்றைப் பொருத்த வேண்டுமானால் உன் பாஸ்வேர்ட் வேண்டும்.

“பாஸ்வேர்ட சொல்லிட்டுப் போண்ணே.”

“சொன்னா கண்டதையும் ஏத்துவ. வீட்டுச் சாவி அம்மாகிட்டத்தான் இருக்கணும்.”

நான் சிரித்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. நீ சிரிக்கவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய ஆட்காட்டி விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வைத்துக் காட்டினாய். “இங்க. அப்பறம் இங்க. இப்ப கீழ எறங்கு. மறுபடி மேல வா.” தேயிலைக் கொழுந்து எடுத்த விரல் அல்லவா, நீ லீவு முடிந்து போவதற்குள் அது வழியைப் படித்துவிட்டது. அம்மா முந்தானையால் கீபோர்டை மூடிக்கொண்டு, உள்ளே கையைவிட்டு அழுத்துவாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். “எங்க வீட்டு கம்ப்யூட்டரு என் கை பட்டாத்தான் தொறக்கும்” என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கு அவ்வளவு எரிச்சல்.

பகலில் நான் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். லீவு நாளிலும் வேலைவிட்டு வந்த பிறகும் போனைப் பார்த்துப் புரோகிராம் எழுதப் படித்தேன். அதற்குப் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. இன்ன கருவி வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், அதுவே இணையத்திலிருந்து இறக்கிப் பொருத்திக் கொடுக்கும். நம் வீட்டில் மட்டும் கொடுக்காது. சிவப்பாக நாலு வரி எழுதி, அனுமதி இல்லை என்று சொல்லும். உடனே அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும், கட்டம் வரும், அம்மா வரவேண்டும். அம்மாவோ மலையில். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கோடு வந்து, கையைத் துடைத்து அழுத்திவிட்டு, “இதுக்கு நேரங்காலமே கெடையாதா?” என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போனாள்.

அன்று வட்ஸ்அப்பில் உன்னோடு பிடித்த சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும்.

“ஆழம் தெரியாம கால விடாத தங்கச்சி.”

“ஆழத்தப் பாக்கவே விடமாட்டேங்கிறியே!”

நீ சிரித்தாய். பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள். “அடுத்த லீவுல வந்து பேசுவோம்” என்று வைத்துவிட்டாய்.

அடுத்த லீவுக்கு முன்பே வந்தாய், பொட்டியில். தூங்கினவன் எழும்பவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அழுகையைவிட முதலில் கோபம்தான் வந்தது.

கருமாதி முடிந்ததும் ஏஜென்சிக்காரர் வந்தார். உன்னைக் கட்டாருக்கு அனுப்பிய அதே ஆள். குவைத்தில் ஒரு நல்ல வீடு இருக்கிறதாம், பிள்ளை பார்க்கும் வேலையாம். “அண்ணன் விட்ட எடத்துல தங்கச்சி நின்னாத்தான் வீடு நிமிரும்” என்றார். என்றைக்காவது உதவும் என்று நீ எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட், சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் போவதாக இல்லை அண்ணா. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கும் ஒரு கொழும்புக் கம்பெனிக்கு எழுதிப்போட்டிருந்தேன். முதல் சோதனையில் தேறியிருந்தேன். இரண்டாவது அந்தச் சனிக்கிழமை. அவர்கள் சொல்லும் கருவியை வைத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் திரையில் ஒரு பக்கத்தைச் செய்து காட்டவேண்டும். அந்தக் கருவி நம் லெப்டொப்பில் இல்லை. வரியை எழுதினேன். சிவப்பு. அனுமதி இல்லை.

வழக்கம்போல அம்மாவைக் கூப்பிட்டேன். நீ போன பிறகு அதுதான் முதல் தடவை. கை கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்தாள். கட்டம் வந்தது. உன் முகம். அம்மா முந்தானையைப் போர்த்தி அழுத்தினாள். பிழை என்றது. மறுபடி அழுத்தினாள். பிழை. மூன்றாம் தடவை விரல் எழுத்துகளின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

“வெரலு மறந்துபோச்சுடி” என்றாள்.

கீபோர்டை மூடியிருந்த முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். நான் லெப்டொப்பைப் படாரென்று சாத்தினேன். என்ன ஆனாலும் சரி, இனி ஒருநாளும் அம்மாவை அந்தக் கட்டத்துக்கு முன்னால் உட்காரவைப்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன்.

கடை முதலாளியிடம் கேட்டேன். “ஃபோர்மட் பண்ணிரு தங்கச்சி, எல்லாம் புதுசாயிரும்” என்றார். நம் டவுனில் எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் அந்த ஒரே மருந்துதான். தலைவலி என்று போனால் தலையையே எடுத்துவிடுகிற வைத்தியம். ஃபோர்மட் பண்ணினால் உன் கணக்கு போய்விடும், அதற்குள் நீ வைத்திருக்கும் படங்களும் போய்விடும். உன் பாஸ்வேர்டை உடைத்துத் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தார். உன் சட்டைப்பைக்குள் யாரோ கைவிடுவது மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன்.

பிறகுதான் செய்யவேண்டியதைச் செய்தேன். அந்தச் சிவப்பு வரிகளை ஒருநாளும் நான் முழுசாக வாசித்ததில்லை. ‘அனுமதி இல்லை’ என்பதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவற்றைப் போனில் படம் எடுத்து, ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கடைசி வரியில் ஒரு விலாசம் இருந்தது. எந்த இடத்தில் எழுதப்போய் அது தடுக்கப்பட்டது என்ற விலாசம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’. எல்லோருக்கும் பொதுவான இடம். அங்கே வாசிக்கலாம், எழுத உன் அனுமதி வேண்டும். ஆரம்பத்தில் யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்து, எல்லாக் கருவிகளும் அங்கேயே போகட்டும் என்று அமைத்தது நான்தான். அதையும் அம்மா கையால்தான் செய்திருந்தேன்.

ஆனால் என் பெயரிலும் ஒரு இடம் இருந்ததே அண்ணா! கணக்குத் திறந்த அன்றே எனக்கென்று ஒரு ஃபோல்டரையும் மிஷின் போட்டுவைத்திருந்தது. அதற்குள் நான் எதைச் செய்தாலும் யாரையும் கேட்கத் தேவையில்லை. உனக்கே அது தெரிந்திருக்காது. அதற்குள் ஒரு புது ஃபோல்டர் போட்டு, இனிமேல் கருவிகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து வை என்று பேக்கேஜ் மேனேஜருக்கு ஒரு வரி எழுதினேன். பிறகு அந்தக் கருவியைக் கேட்டேன். சிவப்பு வரவில்லை. சமர்த்தாக இறக்கிப் பொருத்திவிட்டது.

பொருத்திய கருவியைக் கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லையே என்றது. எங்கே தேடவேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லும் இடத்தில், தேடவேண்டிய வழிகளுக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. கீழே இருப்பது மிஷின் முழுவதுக்கும். அதைத் தொட்டால் நீ வந்துவிடுவாய். மேலே இருப்பது என் கணக்குக்கு மட்டும். மேலே இருந்ததில் என் ஃபோல்டரின் வழியைச் சேர்த்துவிட்டு, திரையில் இருந்த சன்னலை மூடித் திறந்து கூப்பிட்டேன். பதில் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அதோடு முடிந்ததா? அம்மா அழுத்தித் திறந்த நேரங்களில் நான் அதுவரை எழுதியிருந்த வேலையும் அந்தப் பொது இடத்தில்தான் கிடந்தது. அங்கே எதையும் அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கிடந்தால் கிடக்கட்டும் என்று, நான் எழுதியதை மட்டும் பிரதியெடுத்து என் இடத்துக்குக் கொண்டுவந்து, மற்றதைப் புதிதாக இறக்கச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. என் சொந்த இடத்திலேயே அனுமதி இல்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் உன்னைத் திட்டியே விட்டேன். கடைசியில் பார்த்தால், அதே கோப்பை இன்னொரு சன்னலில் திறந்துவைத்திருந்தது நானேதான். ஒரு கை பிடித்துக்கொண்டிருப்பதை இன்னொரு கை எப்படி இழுக்கும்? அதை மூடியதும் வேலை நடந்தது. எல்லாப் பழியையும் உன் தலையில் போட்டுப் பழகியவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, சிக்னல் நிற்கும் பின்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்து திரையைக் காட்டினேன். பாதி வேலையில், கம்பெனி மேடம் இன்னொரு கருவியைச் சொல்லி, இப்போதே பொருத்துங்கள் என்றார். அம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வரியை எழுதி அழுத்தினேன். பொருத்தியாயிற்று என்று வந்தது.

“அட்மின் இல்லாமலா இவ்வளவும் வெச்சிருக்கீங்க?” என்று மேடம் கேட்டார்.

“ஆமா மேடம். அது இல்லாமலே செய்யலாம்.”

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். நான் லெப்டொப்பை மூடியதும் அம்மா கிட்டே வந்தாள்.

“அண்ணன் மூஞ்சி வரல?”

“வரலம்மா. இனி ஒன்னையக் கூப்பிடமாட்டேன். மிஷினு பாஸ்வேர்டு கேக்காது.”

அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா மூடிய லெப்டொப்பைக் கையால் தடவினாள்.

“அப்ப இனிமே வரவே மாட்டானா?”

அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நான் இப்படி ஒன்றைச் செய்திருக்கிறேன். அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் அவளுக்கு மகன் வந்தான். அவன் பிடித்துக் காட்டிய விரலுக்கு ஒரு வேலை வந்தது. “வேணும்னா வர வைக்கலாம்மா” என்றேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வேணாம். நீ ஒன் வேலயப் பாரு. எம்புள்ள மூஞ்சியப் பாக்க எனக்கு மிஷினு எதுக்கு?”

மறுநாள் ஏஜென்சிக்காரர் வந்தார். நான் பேசுவதற்கு ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அம்மா அவர் கையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, “பாஸ்போர்ட்டு குடுக்கிற மாதிரி இல்லைங்க” என்றாள்.

“வேல கெடச்சிருச்சா?”

“அது இன்னும் தெரியாது.”

“தெரியாமயே வேணாங்கிறீங்களா?”

“ஒண்ணப் பொட்டில எறக்கிட்டேன். இன்னொண்ண ஏத்தி அனுப்பமாட்டேன். இந்த வேல இல்லாட்டி எம்மக வேற வேல பாப்பா.”

அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேலை கிடைத்துவிட்டது அண்ணா. அடுத்த வாரம் தகவல் வந்தது. இப்போது அதே சன்னலோரம்தான் என் ஆபீஸ். உன் கணக்கில் நான் கைவைக்கவில்லை. பிரின்டர் மாதிரி ஏதாவது வந்தால் இந்த மிஷின் உன்னைக் கேட்கத்தான் செய்யும். கேட்கட்டும். அது இல்லாமல் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இல்லை என்றால், சம்பளத்தில் சேர்த்து என் பெயரில் ஒரு லெப்டொப் வாங்குவேன்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. நீ இருந்திருந்தால், இதைக் கேள்விப்பட்டுக் கட்டாரிலிருந்து கூப்பிட்டு, “யாரக் கேட்டுடி செஞ்ச?” என்று கத்தியிருப்பாய். நானும் கத்தியிருப்பேன். உன்னிடம் சொல்வேன், ஆனால் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருப்பேன். சில நாள் பேசாமல் இருந்திருப்போம். பிறகு நீயே கூப்பிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, சாப்பிட்டியா என்று கேட்டிருப்பாய். அந்தச் சண்டை எனக்குள் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் தயாராக. அதைப் போட விடாமல் போய்விட்டாயே. போட்டிருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன், அண்ணா.