கொடிக்கால் தேரையும் உன் மகளும்

என் செல்லத் தங்கச்சி சவரியம்மாளுக்கு,

உன் மகள் மேரி பிழைத்துக்கொண்டாள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பேறுகாலக் காய்ச்சலில் நீ போனாய். உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். தவழ ஆரம்பித்ததுமே பிள்ளை இளைத்துப்போனாள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. பார்த்தவர்களெல்லாம் தேரை பாய்ந்துவிட்டது என்றார்கள். தேரை மேலே குதித்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்று இந்த ஊரில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்?

நம் கொடிக்காலில் தேரைக்கா பஞ்சம்! வெற்றிலைக் கொடியின் நிழலும் வாய்க்கால் ஈரமும் இருந்தால் கூப்பிடாமலே குடிவந்துவிடும். புள்ளித் தேரையை நீ வெறுங்கையால் பிடித்து என் வீட்டுக்காரர், உன் மச்சான், தோளில் ஒட்டிவிடுவாயே. தொடையில் மஞ்சள் புள்ளி, விரல் நுனியிலெல்லாம் பொட்டு வைத்தது போல வட்டம். அவர் துள்ளிக் குதிப்பார். "பொட்டு வச்ச பொம்பளையப் பாத்து என்ன மச்சான் பயம்?" என்று கேட்பாய். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று, சவரி?

செய்தி கெங்குவார்பட்டி வரை போய், உன் மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏத்தா, பிள்ள தேஞ்சுபோச்சுன்னு எல்லாரும் சொல்றாக. தேரை அடையுற எடத்துல எம் பேத்தி எப்படித் தேறுவா? நான் தூக்கிட்டுப் போறேன்."

"எங்கிட்டத்தான அத்தை குடுத்துட்டுப் போனா. அறுப்பு வரைக்கும் பொறுங்க. தேறலைன்னா நானே கொண்டாந்து விடுறேன்."

அன்றே உன் மச்சான் தடியோடு கொடிக்காலுக்குள் இறங்கினார். பகலில் அகத்தி மரத்தில் பட்டை நிறமாக ஒடுங்கிக் கிடப்பதை எங்கே கண்டுபிடிப்பது? ஒன்றும் அகப்படவில்லை. நானும் ஒரு குச்சியோடு போனேன். வாய்க்காலுக்கு மேலே அகத்திக் கிளையில் சவுக்கார நுரை மாதிரி ஒரு கூடு தொங்கியது. கலைக்கப் போனவள் நின்றுவிட்டேன். நுரைக்குள்ளிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டிக்கொண்டிருந்தன.

தாயைக் காணோம். இட்டுவிட்டுப் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. உன்மேலும் வந்தது, ஒளிப்பானேன். பிறகுதான் கவனித்தேன். எத்தனையோ கிளை இருக்க, தண்ணீர் நிற்கிற பள்ளத்துக்கு நேர் மேலே பார்த்துத்தான் கூடு வைத்திருந்தது. நீயும் அத்தனை பேர் சுற்றி நிற்க, "அக்காட்டக் குடுங்க" என்றுதானே சொன்னாய்?

குச்சியைப் போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மண்ணத் திங்கிறாளா? வயித்துல பூச்சிம்மா" என்று மருந்து கொடுத்தார். அதன்பிறகு வெளியே வந்ததை எழுதமாட்டேன், நீ அருவருப்பாய். இப்போது கூழ்ச் சட்டியையே வழித்து நக்குகிறாள். சண்டைக்காலத்தில் அரிசிக்குத்தான் அலைகிறோம்.

அறுப்புக்கு உன் மாமியார் வந்தார். மேரி தத்தித் தத்தி ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தாள். தொட்டில் கயிற்றில் ஒரு புள்ளித் தேரை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தேரையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார்.

"இங்கன இருக்கிறது வேற சாதித் தேரை. எங்கூருத் தேரைதான் பொல்லாதது" என்றார். வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பேத்தியைக் கேட்கவே இல்லை.

வேறு சாதிகள் உண்டுதான். மேகமலைக்கு ஏலக்காய் எடுக்கப் போன உன் மச்சான், அங்கே இலைப்பச்சையில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்றைப் பார்த்தாராம். ஆனால் உன் மாமியார் விட்டுக்கொடுத்தது அதனாலா? நல்ல மனுஷி, சவரி. ஊருக்குக் கிளம்பும்வரை பிள்ளையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று மேரி என்னை "ஆத்தா" என்றாள். "பெரியாத்தா" என்று திருத்தினேன். கேட்பேனா என்கிறாள். விவரம் தெரிந்ததும் உன் கல்லறைக்குக் கூட்டிவந்து, ஒன்னப் பெத்த ஆத்தா இதுதான் என்று நானே சொல்வேன். சத்தியம். அதுவரைக்கும் அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்ளட்டுமா?

உன் அக்கா,
உன் மகளின் பெரியாத்தா,
அன்னம்மாள்