மஞ்சள் ஒட்டிய சாமான்கள்

புர்காஸ், அக்டோபர் 14

அன்புத் தங்கை பென்காவுக்கு,

அன்றைக்கு என் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகன் மெத்தோடி. அவன் பெண்டாட்டி இஸ்க்ரா. என் கூடப்பிறந்த நீ. சாமான் ஏற்ற வந்த மூவர்: மேஸ்திரி பெத்கோ, காதில் கடுக்கன் போட்ட இல்கோ, பேசவே பேசாத சாஹாரி. பிறகு, உதவிக்கும் வராமல் உள்ளேயும் போகாமல் நடையில் நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டு வாஸ்கா. வேறு யாரும் இல்லை. பெயர் பெயராக எழுதக் காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே வா.

காது போன பிறகு தொலைபேசியில் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நாலு வகுப்பு படித்தவளின் கையெழுத்து, சிரிக்காதே.

விதின் வீட்டைக் காலிபண்ணி மெத்தோடியோடு புர்காஸில் இருக்கப்போகிறேன் என்றதும், கோடையில் ஒருவன் வந்து கட்டில் முதல் மிளகாய் இடிக்கும் உரல் வரை அளந்து போனானே, அவன் சொன்னது நினைவிருக்கிறதா? "கண்ணாடில அடைச்சது எதையும் ஏத்த மாட்டோம் பாட்டி. லாரியில இன்னொரு குடும்பத்துச் சாமானும் வரும். உங்க ஊறுகாய் உடைஞ்சா அவங்க மெத்தைல்ல நாறும்?" அதனால்தான் குளிர்காலத்துக்கு அடைத்து வைத்த சுட்ட மிளகாய், புளிக்கவைத்த முட்டைக்கோஸ் எல்லாம் உன் வீட்டுக்கு வந்தது. சாப்பிடு. ஜாடிகளைக் கழுவி மூடியோடு வை.

அன்று காலை இஸ்க்ரா ஒட்டுத்தாள் சுருள் இரண்டு கொண்டுவந்தாள். "அத்தை, மஞ்சள் ஒட்டினது உங்க அறைக்கு. நீலம் ஒட்டினது மத்த இடத்துக்கு. எது உங்களுக்கு வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை எதுவும் கேட்காதவள் கேட்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கட்டில், ஜன்னலோர நாற்காலி, தையல் மெஷின், மேரி மாதா படம், என் ஸ்தோயன் இருந்தவரை உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்ட முக்காலி. நான் கையைக் காட்டக் காட்ட நீதானே மஞ்சளை ஒட்டிக்கொண்டு வந்தாய்?

அகல அலமாரியைத் தொட்டேன். "அது வேணாங்க்கா. யானை மாதிரி நிக்கும். ஒடுக்கமா இருக்கே அதை எடு" என்றாய். எடுத்தேன்.

வேலைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டிலைக் கழற்றி, திருகாணிகளை ஒரு பையில் போட்டுத் தலைப்பலகையின் பின்னாலேயே ஒட்டினார்கள். தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்கினார்கள். ஜன்னலில் ஏணியைச் சாய்த்து, அதில் ஓடும் பலகையில் என் வாழ்க்கையை மூன்று மாடி இறக்கினார்கள். நீலம் எல்லாம் முதலில் ஏறியது. என் கட்டில் மட்டும் வாசலிலேயே கிடந்தது. பெத்கோவிடம் கேட்டேன்: "ஏம்ப்பா, கிழவி கட்டில்னா கடைசியா?"

"இல்ல பாட்டி. கடைசியா ஏறுறதுதான் முதல்ல இறங்கும். உங்க சாமான்தான் முதல்ல இறங்கப்போகுது."

பெருமையாக இருந்தது, பென்கா. முதலில் என் அறையைத்தான் ஒழுங்கு பண்ணப்போகிறார்கள் என்று உன் பக்கம் திரும்பிச் சொன்னேன். நீ மூக்கைச் சிந்தினாய். வாஸ்கா அழுதாள். பொறாமை என்று நினைத்தேன். பிறகு நீ செம்பை எடுத்துவந்து, என் பயணம் தண்ணீர் போல ஓடட்டும் என்று படியில் ஊற்றினாய். அந்த ஈரத்தை மிதித்துத்தான் இறங்கினேன்.

நாடு முழுக்கக் குறுக்கே கடந்து மறுநாள் வந்து சேர்ந்தபோது லாரி எங்களுக்கு முன்பே நின்றிருந்தது. மெத்தோடி வீட்டு வாசலில் இல்லை. ஊருக்கு வெளியே, நீளமான ஒரு கட்டடம். வாசலில் சக்கர நாற்காலிகள். மஞ்சள் ஒட்டியது மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது யார் வீடு?" என்று கேட்டேன். மெத்தோடி கார் சாவியைப் பார்த்தான். இஸ்க்ரா கடல் இருக்கும் பக்கம் பார்த்தாள், அங்கிருந்து கடல் தெரியாது. பெத்கோதான் என் முக்காலியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாட்டி... உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்றான்.

இப்படித்தான் முதியோர் இல்லத்துக்கு வந்தேன். லாரி நீலத்தோடு மெத்தோடி வீட்டுக்குப் போயிற்று. போகுமுன் பெத்கோ, எல்லாம் உடையாமல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துக் கேட்டான். போட்டேன். சாமானைப் பொறுத்தவரை அது உண்மைதானே. அன்று அங்கே நின்றவர்களில் யார் யாருக்கு இது முன்பே தெரியும் என்று அந்தப் பெயர்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அறையில் என்னோடு இன்னொருத்தி. நாள் முழுக்கத் தூங்குகிறாள். அந்த ஒடுக்கமான அலமாரி கதவோர மூலையில் விரல்கடை மிச்சமில்லாமல் பொருந்திவிட்டது. உன் புத்திக்கு அதற்கும் ஒரு நன்றி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பின்னறை உன் பெண் வெளியூர் போனதிலிருந்து சும்மா கிடக்கிறது. கட்டிலும் நாற்காலியும் போதும், பெத்கோவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

என் பழைய வீட்டுக் கீழ்வாசல் கதவில் ஸ்தோயனின் மரண அறிவிப்புத் தாள் இருக்கிறதா பார். மழையில் கிழிந்திருந்தால் புதிது ஒட்டு.

உன் அக்கா
நெவெனா


விதின், அக்டோபர் 29

அருமை அக்காவுக்கு உன் பென்கா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆற்றிலிருந்து பனி ஏறி எதிர்த்த வீடு தெரியவில்லை. என் முழங்கால் பழைய கதைதான். ஸ்தோயன் அத்தான் தாள் நன்றாக இருக்கிறது, படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். உன் சுட்ட மிளகாய் ஒரு ஜாடி திறந்தேன். உன் கைக்கு வராது யாருக்கும்.

பின்னறையில் ஈரம் இறங்கியிருக்கிறது அக்கா. சுவரெல்லாம் கறுப்பு. உன் நெஞ்சுக்கு ஆகாது. வசந்தம் வரட்டும், பார்ப்போம். அங்கே வெந்நீரும் நர்ஸும் இருக்கும்போது இங்கே வந்து என்ன செய்வாய்? நல்லதையும் நினைத்துப் பார். அந்த அகல அலமாரியை எடுத்திருந்தால் நடையிலேயே நின்றிருக்கும். அந்த மூலையின் அகலத்தை மெத்தோடி முன்பே அளந்து என்னிடம் சொன்னதால்தான் ஒடுக்கமானதை எடுக்கச் சொன்னேன்.

எழுதிவிட்டேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். வேண்டாம், கை ஓய்ந்துவிட்டது.

செர்ரி பழுத்த சமயத்தில் மெத்தோடி வந்தான். என் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். "சித்தி, இஸ்க்ரா முடியவே முடியாதுங்கிறா. நீங்க அம்மாவை வெச்சுக்கிறீங்களா? வெச்சுக்கிட்டா இங்கயே விட்டுட்டுப் போறேன். இல்லன்னா தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. தெரிஞ்சா அவங்க அந்த வீட்டை விட்டு நகர மாட்டாங்க" என்றான். காலைவரை டயம் கொடு என்றேன். காலையில் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு என்னைத் தெரியும். சின்ன வயதிலிருந்து உன் கட்டிலில், உன் சட்டையில், உன் அதிகாரத்தில் இருந்தவள். என் புருஷன் போன பிறகுதான் என் வீட்டில் என் இஷ்டத்துக்கு ஒரு ஜன்னலைத் திறக்கிறேன். நீ வந்தால் அந்த ஜன்னல் உன்னுடையதாகிவிடும். அதுதான் காரணம். ஈரமெல்லாம் பொய்.

தண்ணீர் ஊற்றியது மட்டும் மனசார ஊற்றினேன். கோபமானால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

உன் தங்கை
பென்கா


புர்காஸ், நவம்பர் 9

பென்காவுக்கு,

எழுதுகிறேன். இது கடைசி.

மெத்தோடி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். வாழைப்பழம் வாங்கிவருகிறான், எனக்குப் பிடிக்காது. தரையைப் பார்த்தே பேசுகிறான். அவன் கோழை. நாய் குரைத்தால் என் பாவாடைக்குள் ஒளிந்தவன். இப்போது பெண்டாட்டி குரைக்கிறாள், ஒளிய இடமில்லை. போகட்டும் அவன்.

இஸ்க்ரா ஒருநாளும் என்னிடம் அன்பாக இருப்பதாகச் சொன்னதில்லை. மஞ்சள் உங்கள் அறைக்கு என்றாள், அதிலும் பொய்யில்லை. போகட்டும் அவளும். பெத்கோ கூலிக்கு வந்தவன், அவனுக்காவது முகம் வாடிற்று. வாஸ்கா ஒன்றும் தெரியாமலே அழுதாள். அவளைப் பொறாமைக்காரி என்று எழுதினேன், அது என் தப்பு என்று அவளிடம் சொல்லிவிடு.

நீ முன்பே சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், கத்தியிருப்பேன், உன் ஜன்னலை நீயே வைத்துக்கொள் என்றிருப்பேன். கடைசியில் இங்கேயே வந்திருந்தாலும் வந்திருப்பேன். ஆனால் கண் திறந்துகொண்டு வந்திருப்பேன். எது பிடிக்கும் எது பிடிக்கும் என்று என்னையே கைகாட்ட வைத்து, ஒவ்வொன்றாக நீ ஒட்டினாயே. அந்த முக்காலியை ஒட்டும்போது "அத்தான் முக்காலி இல்லாம உனக்கு எப்படி?" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

ஜாடிகளை அனுப்ப வேண்டாம்.

நான் போன பிறகு என் தாளும் விதினில் அந்தக் கீழ்வாசல் கதவில், ஸ்தோயன் பக்கத்தில் ஒட்டப்படும். படத்துக்குக் கீழே துயரப்படுவோர் பெயர்கள் வரும். அதை யாரும் தங்கள் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது என்று இப்போதே மெத்தோடியிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினான். மகன் மெத்தோடி இருக்கட்டும். மருமகள் இஸ்க்ரா இருக்கட்டும். அண்டைவீட்டார் என்று வாஸ்காவின் பெயரைக்கூடப் போடட்டும். ஊரார் நின்று படிப்பார்கள், ஒரு பெயர் குறைகிறதே என்று உன்னிடம் வந்து கேட்பார்கள். அப்போது அந்த வாசலில் நின்று நீயே பதில் சொல்லிக்கொள்.

அந்தத் தாளில் வரக் கூடாத ஒரே பெயர், நான் மன்னிக்காமல் போகும் ஒரே பெயர், பென்கா.

நெவெனா