கடைசி வரிசையிலிருந்து ஒரு பதில்

முனைவர் அம்மா அவர்களுக்கு,

இப்படி எழுத நாலு வருடம் காத்திருந்தேன்.

எனக்குப் பரீட்சை இருக்கிறது, உன் வாய்மொழித் தேர்வுக்கு வர முடியாது என்றேனே, அது புளுகு. நேற்று முகக்கவசத்தோடு கடைசி வரிசையில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நீ எந்த டிபார்ட்மென்ட்மா?" என்றார். "ஆய்வுத் தலைப்பே நான்தான் சார்" என்றேன்.

பாதாள அரசன் தேரில் கடத்திப் போனதால் பாதி வருடம் அங்கே வாழும் மகள், அவளைத் தேடி அலையும் தாய், அவள் திரும்பும்வரை வாடிக்கிடக்கும் பயிர். அந்தக் கிரேக்கப் புராணம் இன்றைய நாவல்களுக்குள் எப்படி ஒளிந்திருக்கிறது என்று நீ விளக்க விளக்க, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அந்த வழுக்கைப் பேராசிரியர் கேட்டார்: "எல்லாம் சரிம்மா. அங்க இருக்கறது பிடிச்சிருக்கான்னு அந்தப் பொண்ணை யாராவது கேட்டாங்களா?"

நீ மழுப்பியிருக்கலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "நானும் கேட்டதில்ல சார். என்ன பதில் வருமோன்னு பயம்" என்றாய். என் முகக்கவசம் நனைந்தது. ஏசி ஒழுகியது என்று வைத்துக்கொள்.

சரி, பதில் இதோ. அப்பா என்னைத் தேரில் கடத்தி வரவில்லை. ஸ்கூட்டரில் கூட்டி வந்தார், அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது. எனக்கு இந்த வீடும் பிடிக்கும், உன் வீடும் பிடிக்கும். இங்கிருக்கும் ஆறு மாதமும் நான்தான் உன்னைத் தேடுகிறேன். இதையும் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்.

உன் பால்கனிச் செடிகள் வாடுவதற்கு மட்டும் நான் காரணமில்லை. தண்ணீர் ஊற்று.

முழு வருடமும் உன்,
வாலு